ஆணை வந்து சேராத மாகாணங்கள்

1900 ஜூன் 21 அன்று பெய்ஜிங் அரண்மனையிலிருந்து ஓர் ஆணை புறப்பட்டது. வெளிநாட்டாரோடு போர் என்றது அந்த ஆணை. எந்த நாட்டோடு என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. எந்தத் தூதரிடமும் அதை முறைப்படி கொடுக்கவும் இல்லை. வெட்கப்பட்டு உயிர் பிழைத்துக் கிடப்பதைவிட மோதிப் பார்த்துவிடுவதே மேல் என்று முழங்கும் அந்த ஆணையை இன்றைக்குப் படித்தாலும் உடம்பு சூடேறுகிறது. ஆனால் யாங்சே ஆற்றின் கரையிலும் அதற்குத் தெற்கிலும் இருந்த மாகாணங்கள் அந்தப் போரை நடத்தவில்லை. பேரரசு போரில் இருந்தது; அதன் மிகச் செழிப்பான பகுதிகள் கடைகளைத் திறந்து வைத்து, வெளிநாட்டுக் கப்பல்களை வரவேற்று, வரி வசூலித்துக்கொண்டிருந்தன. ஒரே நாடு, ஒரே கோடைக்காலம்.

ஒரு நண்பரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெற்கத்திய ஆளுநர்களை நான் மெச்சிப் பேசப் பேச அவர் முகம் சுருங்கியது. "தலைநகரத்தில் குண்டு விழுகிறது. இவர்கள் எதிரியோடு உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுகிறார்கள். இதற்குத் துரோகம் என்றுதானே பெயர்?" என்றார். அதை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. நான் சொன்ன பதில்கள் எனக்கே போதவில்லை. அதற்குக் காரணம், அதே ஆண்டில், அந்த ஆளுநர்களைப் போலவே இந்தப் போர் வேண்டாம் என்று சொன்ன இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள் என்பதுதான். அவர்கள் ஷாங்காயிலோ குவாங்ஜோவிலோ இல்லை. சீனாவை உண்மையில் ஆண்டுவந்த பேரரசித் தாய் சிஷியின் எதிரில், அதே அறையில் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் தலை போனது.

வெளிநாட்டாரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்து வட சீனக் கிராமங்களில் கிளம்பிய பாக்ஸர்கள் என்ற கூட்டத்தின் கதையைப் பலரும் அறிவார்கள் என்பதால் அதைச் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. துப்பாக்கிக் குண்டு உடம்பில் ஏறாது என்று நம்பிய அந்தக் கிராமத்து இளைஞர்களை மூடர்கள் என்று தள்ளிவிடுவது அநியாயம். 1898-இல் மஞ்சள் ஆறு உடைத்துக்கொண்டு ஷாண்டோங்கில் ஊர் ஊராக மூழ்கடித்தது. அடுத்து வந்தது வறட்சி. 1900 வசந்தத்தில் வட சீனச் சமவெளியில் விதைக்க ஈரமில்லை. வேலையில்லாத, பசித்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் நின்றார்கள். இதற்குச் சற்று முன்பு, 1897-இல், இரண்டு ஜெர்மானியப் பாதிரிகள் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி ஜெர்மனி ஜியாவ்ஜோ விரிகுடாவை எடுத்துக்கொண்டது. பின்னாலேயே ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் எல்லோரும் ஆளுக்கொரு துறைமுகம் கேட்டு வாங்கினார்கள். கிராமத்து வழக்குகளில் பாதிரியின் பரிந்துரை இருந்தால் தீர்ப்பு மாறியது. வானம் பொய்த்ததற்கும் இந்த அவமானத்துக்கும் ஒரே காரணம் என்று நம்புவதற்கு அவர்களுக்கு நிறையவே இருந்தது. அந்த நம்பிக்கையின் பலியாகச் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனக் கிறிஸ்தவர்கள், அதாவது அதே வறட்சியில் அதே பசியோடு இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள். 1900 பற்றிய நூல்களில் பெய்ஜிங்கின் வெளிநாட்டுத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட்டதற்குக் கிடைக்கும் பக்கங்கள் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

அந்த அறை

ஜூன் 16. பெய்ஜிங்கின் பெரிய கடைவீதியான தாஷிலானில் மேல்நாட்டு மருந்து விற்ற ஒரு கடைக்குப் பாக்ஸர்கள் தீ வைத்தார்கள். தீ அந்தக் கடையோடு நிற்கவில்லை. வீதி முழுக்க எரிந்து, நகரின் முன்வாயில் கோபுரத்தையும் பிடித்துக்கொண்டது. அன்றுதான் சிஷி இளவரசர்களையும் அமைச்சர்களையும் அவசரமாகக் கூட்டினார். பேரரசர் குவாங்ஷுவும் இருந்தார், பெயருக்கு. 1898-இல் அவர் தொடங்கிய சீர்திருத்தங்கள் நூறு நாளில் கவிழ்க்கப்பட்ட பிறகு ஏரி நடுவே ஒரு தீவில் அடைபட்டிருந்த மனிதர் அவர்.

யுவான் சாங் என்ற அதிகாரி பேசினார். பாக்ஸர்கள் கலகக்காரர்கள், அவர்களை நம்ப முடியாது, மந்திரம் பலித்துப் போர் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை என்றார். சிஷி சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது: மந்திரத்தை நம்ப முடியாமல் இருக்கலாம், மக்கள் மனதையுமா நம்ப முடியாது? நாடு இன்று நலிந்து கிடக்கிறது. நமக்கு மிச்சமிருப்பது மக்கள் மனம் ஒன்றுதான். அதையும் இழந்தால் எதை வைத்து நாட்டைக் காப்பது?

இந்தப் பதிலை எத்தனை முறை படித்தாலும் அதன் வலிமை எனக்குக் குறையவில்லை. சிஷியை வெறும் அதிகார வெறி பிடித்த கிழவியாகக் காட்டுபவர்கள் இந்த இடத்தில் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். அவர் கேட்டது உண்மையான கேள்வி. கஜானா காலி, கப்பற்படை ஐந்தாண்டுக்கு முன்பே ஜப்பானிடம் அழிந்துவிட்டது, கோபம் கொண்ட மக்கள் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் மீதே படையை ஏவினால் அரசு யாருக்காக நிற்கிறது? யுவான் சாங்கிடம் இதற்குப் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் சொன்னது சரி. ஆனால் சரியான கருத்து அந்த அறையில் ஜெயிக்கக்கூடியதாக இல்லை.

மறுநாள் தியான்ஜின் கடல்வாயிலில் இருந்த தாகூ கோட்டைகளை வெளிநாட்டுக் கப்பற்படைகள் பிடித்தன. அதே நேரத்தில் அரண்மனைக்கு ஒரு குறிப்பு வந்தது: ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பித் தர வேண்டும் என்று வெளிநாட்டார் கேட்பதாக. அது போலி. ஆனால் சிஷியைத் தொடக்கூடிய ஒரே இடத்தை அது தொட்டது. அடுத்து நடந்த கூட்டங்களில் ஒன்றில்தான் அந்தக் காட்சி. குவாங்ஷு தன் இருக்கையிலிருந்து இறங்கி ஷூ ஜிங்செங்கின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே என்று தழுதழுத்தார். ஷூ ஜிங்செங் ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் தூதராக இருந்தவர். அந்த அறையில் இருந்தவர்களில் ஐரோப்பியப் பட்டறைகளையும் கப்பல் தளங்களையும் நேரில் பார்த்திருந்த மிகச் சிலரில் ஒருவர். தூதர்களைக் கொல்வதும் ஒரே நேரத்தில் எல்லா நாட்டோடும் மோதுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்குத் தெரியும். சிஷியின் குரல் எழுந்தது: "பேரரசே, கையை விடுங்கள். காரியத்தைக் கெடுக்காதீர்கள்." லியன்யுவான் என்ற இன்னொரு அதிகாரி, அந்நியப் படை நகருக்குள் வந்தால் கோழியும் நாயும்கூட மிஞ்சாது என்றார். அவரை அங்கேயே வெட்ட வேண்டும் என்று குரல்கள் கிளம்பின.

ஜூன் 20 காலையில் ஜெர்மன் தூதர் கெட்டெலர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே தூதரகங்கள் முற்றுகைக்குள் வந்தன. மறுநாள் ஆணை.

"இந்தத் தலை லியூ வீட்டுப் பொருள்"

பெய்ஜிங்குக்கும் தியான்ஜினுக்கும் நடுவே தந்திக் கம்பிகளைப் பாக்ஸர்கள் அறுத்திருந்தார்கள். அதனால் தலைநகரத்து ஆணைகள் குதிரையில் வந்து, கம்பி உயிரோடிருந்த ஊர்களை எட்டி, அங்கிருந்துதான் தெற்கே தந்தியில் போக முடிந்தது. தந்தி நிர்வாகம் ஷெங் ஷுவான்ஹுவாய் என்பவர் கையில். ஷாங்காயில் இருந்த அவருக்கு ரயில், நீராவிக் கப்பல், தந்தி என்று எல்லாவற்றிலும் கை இருந்தது. போர் ஆணை வந்ததும், அதை ஆளுநர்களைத் தவிர யாருக்கும் காட்டக் கூடாது என்று தன் தந்தி நிலையங்களுக்குச் சொல்லிவிட்டார். பிறகு மூன்று ஆளுநர்களுக்குத் தந்தி அடித்தார்: குவாங்ஜோவில் லி ஹோங்ஜாங், நான்ஜிங்கில் லியூ குன்யி, வுசாங்கில் ஜாங் ஜிதோங். ஆணை பரவும் முன்பு வெளிநாட்டுத் துணைத் தூதர்களோடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் யோசனை. தங்கள் பிரதேசத்தைக் காத்துக்கொள்ளுங்கள் என்று ஆளுநர்களுக்கு முந்தைய நாள் தேதியிட்டு வந்திருந்த இன்னோர் ஆணையை அவர் ஆதாரமாகக் காட்டினார்.

லி ஹோங்ஜாங்கின் பதில் புகழ்பெற்றது. இது போலி ஆணை, குவாங்டோங் ஒருபோதும் இதற்குக் கட்டுப்படாது என்றார். அது போலி இல்லை என்பது அவருக்கும் தெரியும், தந்தியைப் பெற்றவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு பொய் எல்லோருக்கும் நிற்க ஓர் இடம் கொடுத்தது. ஆணையை மீறுகிறோம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உண்மையான ஆணை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இந்த ஆண்டின் திருப்புமுனை பெய்ஜிங்கில் இல்லை, நான்ஜிங்கில் இருக்கிறது. லியூ குன்யிக்கு வயது எழுபது. தைப்பிங் கிளர்ச்சியை அடக்கிய ஹுனான் படையிலிருந்து வந்த பழைய போர்வீரர், அன்று சீனாவை ஆண்ட சிங் வம்சத்துக்காக இளமையிலேயே ரத்தம் சிந்தியவர். அவர் தயங்கினார். அவருடைய ஆலோசகர்களில் ஒருவரும் வேண்டாம் என்று தடுத்தார். அப்போது ஜாங் ஜியன் அவரைப் பார்க்கப் போனார். 1894 அரண்மனைத் தேர்வில் முதலிடம் பெற்ற அறிஞர், பதவியை விட்டு வந்து நான்டோங்கில் பஞ்சாலை நடத்திக்கொண்டிருந்தவர். பேரரசரும் பேரரசித் தாயும் வடமேற்குக்குப் போகும் நிலை வரலாம். வடமேற்கா, தென்கிழக்கா, எது முக்கியம் என்று லியூ கேட்டார். வடமேற்கு இல்லாமல் தென்கிழக்கு நிலைக்காது, ஏனென்றால் அதற்குப் பெயர் இருக்காது; தென்கிழக்கு இல்லாமல் வடமேற்கு நிலைக்காது, ஏனென்றால் அதற்குப் பொருள் இருக்காது என்றார் ஜாங் ஜியன். லியூ எழுந்தார். முடிவு செய்துவிட்டேன் என்றார். தடுத்த ஆலோசகரிடம் சொன்னாராம்: இந்தத் தலை லியூ வீட்டுப் பொருள்.

ஜாங் ஜியன் பின்னாளில் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பில் இது இருக்கிறது. அவரே எழுதியதால் தன் பங்கைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருக்கலாம். இருந்தாலும் அந்தக் கடைசி வரியை நான் நம்புகிறேன். லி ஹோங்ஜாங் 'போலி ஆணை' என்ற திரைக்குப் பின்னால் நின்றார். லியூ குன்யி ஒரு கணம் அந்தத் திரையை விலக்கிவிட்டுப் பேசினார். தான் செய்வது தலை போகிற காரியம் என்று தெரிந்தே, அந்தத் தலை தன்னுடையது என்றார். அந்தக் காலத்து அரசியல் மொழியில் அது சாதாரண வாக்கியம் அல்ல. ஓர் ஊழியனின் உயிர் அரசருக்குச் சொந்தம் என்பதுதான் பாடம்.

ஜூன் 26 அன்று ஷாங்காயில் துணைத் தூதர்களோடு ஒன்பது அம்ச ஏற்பாடு பேசி முடிக்கப்பட்டது. ஷாங்காய் வெளிநாட்டுக் குடியிருப்பை வெளிநாட்டார் பார்த்துக்கொள்வார்கள், யாங்சேயின் உள்நாட்டுப் பகுதிகளை ஆளுநர்கள் பார்த்துக்கொள்வார்கள். துணைத் தூதர்கள் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் இரு தரப்பும் அதன்படியே நடந்தன.

என் பெரியப்பா ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒரு சமயம், ஏழைக் குடும்பங்கள் சிலவற்றை இரவோடு இரவாக அப்புறப்படுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. பெரியப்பா கோப்பில் தன் எதிர்ப்பை எழுதி மேலே அனுப்பினார். ஒரே வாரத்தில் தொலைதூரத்துக்கு மாற்றல். அவர் இடத்துக்கு வந்தவர், "தபால் இன்னும் கைக்கு வரலையே" என்று சொல்லியே நாட்களைக் கடத்தினார். அதற்குள் உத்தரவு போட்டவரே மாறிப்போனார். குடும்பங்கள் தப்பின. தன்னால் முடியாததை அந்த மனிதர் முடித்தார் என்பதில் பெரியப்பாவுக்குச் சந்தோஷம் இருந்தது. ஆனால் கடைசி வரைக்கும் அவரைப் பாராட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. லி ஹோங்ஜாங்கின் தந்தியைப் படித்த பிறகுதான் பெரியப்பாவின் அந்த மௌனம் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

இரண்டு கோடைகள்

தெற்கு தப்பியதால் என்ன தப்பியது என்பதைக் காண வடக்கைப் பார்த்தால் போதும். ஷான்ஸி மாகாணத்தின் ஆளுநர் யூஷியன் ஆணையைத் தாமதமின்றி நிறைவேற்றினார். ஜூலை 9 அன்று தாய்யுவான் நகரில் அவருடைய அலுவலக முற்றத்தில் 40-க்கும் மேற்பட்ட வெளிநாட்டார் வெட்டப்பட்டார்கள், குழந்தைகள் உட்பட. மாகாணம் முழுக்கச் சீனக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அவருக்குக் கிடைத்தது அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மரண தண்டனை, அதே அரசின் கையால். ஆணைக்குக் கீழ்ப்படிந்ததற்காக.

அதே ஜூலை 9 அன்று தியான்ஜின் அருகே பாலிதாயில் நியே ஷிசெங் என்ற தளபதி குண்டடி பட்டு இறந்தார். இந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கலகக்காரர்களை அடக்கு என்று முதலில் ஆணை வந்தது, அடக்கினார். அதற்காகப் பாக்ஸர்கள் அவரைத் துரோகி என்றார்கள். பிறகு வெளிநாட்டாரோடு போரிடு என்று ஆணை வந்தது, போரிட்டார், சீனப் படைகளில் மிக நன்றாகப் போரிட்டது அவருடைய படைதான். அரண்மனையோ அவரது பதவியைப் பறித்து, பறித்த பதவியிலேயே நின்று போரிடச் சொன்னது. வந்த ஆணை ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பட்ட ஒரு மனிதர் நிற்பதற்கு அந்தக் கோடையில் இடமே இல்லை.

ஜூலை 14 அன்று தியான்ஜின் விழுந்தது. ஜூலை 28 அன்று, பெய்ஜிங்கின் காய்ஷிகோவ் சந்தைத் தெருமுனையில் ஷூ ஜிங்செங்கும் யுவான் சாங்கும் தலை வெட்டப்பட்டார்கள். மனம் போனபடி பேசினார்கள், அரண்மனைக்குள் பிளவை மூட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஷூ ஜிங்செங் அப்போது தலைநகரின் புதிய பல்கலைக்கழகத்தையும் கவனித்து வந்தார். அதுதான் பின்னாளில் பெய்ஜிங் பல்கலைக்கழகம் ஆனது. சாவதற்கு முன்பு, ரஷ்ய வங்கியில் போட்டிருந்த பல்கலைக்கழகப் பணத்தின் பத்திரங்களை எடுத்துக் கொடுத்து, இதைத் தொலைத்துவிடாதீர்கள், வங்கி ஏமாற்றிவிடும் என்று சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. ஆகஸ்ட் 11 அன்று ஷூ யோங்யி, லிஷான், லியன்யுவான் மூவரும். மூன்றே நாளில், ஆகஸ்ட் 14 அன்று, எட்டு நாட்டுப் படைகள் நகருக்குள் புகுந்தன. தூதரகங்களுக்குள் முதலில் நுழைந்தது பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள். அடுத்து வந்த வாரங்களின் கொள்ளையையும் கொலையையும் பார்த்தால் கோழியும் நாயும் மிஞ்சாது என்ற லியன்யுவானின் பேச்சு ஏறக்குறைய அப்படியே பலித்தது. ஆகஸ்ட் 15 விடியலில் சிஷி கிராமத்துப் பெண்போல நீலத் துணி உடுத்தி நகரை விட்டு ஓடினார். இரண்டு நாள் கழித்து ஹுவாய்லாய் பகுதியில் ஓர் இளம் அதிகாரி கொண்டுவந்த தினைக் கஞ்சியும் ஐந்து முட்டைகளும்தான் அவருக்கு அன்று கிடைத்த விருந்து. மூன்றைத் தான் தின்று இரண்டைப் பேரரசருக்குக் கொடுத்தாராம்.

நண்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். துரோகமா? இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். யாங்சே பள்ளத்தாக்கில் கோடிக்கணக்கானவர்கள் அந்தக் கோடையைத் தாண்டினார்கள். அதற்கு மேல் ஓர் ஆளுநரிடம் எதைக் கேட்பது? ஆனால் அந்த ஆளுநர்களைப் பற்றி மனம் முழுமையாகச் சமாதானம் ஆகவும் மறுக்கிறது. தாங் சாய்சாங் என்று ஒருவர் இருந்தார். ஜாங் ஜிதோங்கின் கல்விச்சாலையில் படித்தவர். சிறைப்பட்ட பேரரசரை மீட்பதாகச் சொல்லி ஹாங்கோவில் எழுச்சிக்குத் திட்டமிட்டார். ஜாங் ஜிதோங் சில காலம் பேசாமல் வேடிக்கை பார்த்தார், காற்று எந்தப் பக்கம் வீசும் என்று தெரியும்வரை. பெய்ஜிங் விழுந்தும் சிஷி பத்திரமாகத் தப்பிவிட்டார் என்றான பிறகு, ஆகஸ்ட் 22 அன்று தன் பழைய மாணவனுக்குத் தலை வெட்டும் தண்டனை கொடுத்தார். சிஷியின் ஆணையைப் போலி என்று ஒதுக்கிய அதே மனிதர், அதே சிஷியின் பெயரால். திரைக்குப் பின்னால் நிற்பவர்கள் எந்தப் பக்கமும் வெளியே வர முடியும் என்பது எனக்குக் கசக்கிறது.

அப்புறம், அந்தத் திரை ஒரு தடவை பயன்பட்டதோடு தீர்ந்துபோகவும் இல்லை. 1911 அக்டோபரில் வுசாங்கில் புரட்சி வெடித்தபோது மாகாணங்கள் ஒவ்வொன்றாகத் தந்தி அடித்து விலகிக்கொண்டன. தலைநகரம் இல்லாமலும் வாழலாம் என்பதை அவை பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்திருந்தன. அந்தத் தீயைக் கிளப்பிய ரயில்வே அரசுடைமை ஆணை ஷெங் ஷுவான்ஹுவாயின் அமைச்சகத்திலிருந்து வந்தது. சிங் வம்சத்தின் பதவி துறப்பு ஆணையை வரைந்ததில் ஜாங் ஜியனுக்குப் பங்கு உண்டு என்று பரவலாகச் சொல்வார்கள். சிங் வம்சத்தைக் காப்பாற்றிய ஏற்பாடுதான் அது இல்லாமலே நாடு ஓடும் என்பதையும் காட்டிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 'போலி ஆணை' என்ற பேச்சை வெளிநாட்டாரும் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். சில இளவரசர்கள் அரண்மனையைக் கைப்பற்றிக்கொண்டு போரைத் திணித்தார்கள், அரசு அல்ல என்பதுதான் பேச்சுவார்த்தை மேசையில் எடுபட்ட கதை. அந்தக் கதை எப்படி எடுபட்டது? அரண்மனைக்குள் கருத்து பிளந்து கிடந்ததற்குச் சாட்சி இருந்ததால். அந்தச் சாட்சி காய்ஷிகோவில் விழுந்த ஐந்து தலைகள். தெற்கின் பொய் நிற்பதற்கு வடக்கில் யாரோ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியிருந்தது. நான் படித்தவரை, லி ஹோங்ஜாங்கையும் லியூ குன்யியையும் மதிநுட்பத்துக்காகக் கொண்டாடுபவர்கள் இந்தக் கடனைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

1901 செப்டம்பர் 7 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 45 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி அபராதம் விதித்தது, 39 ஆண்டுகளில் வட்டியோடு கட்ட வேண்டும். அதே ஒப்பந்தத்தில் இந்த ஐந்து பேரின் பெயர்களும் இருக்கின்றன. சர்வதேசச் சட்டம் மீறப்பட்டதை எதிர்த்துக் குரல் கொடுத்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள் என்று அவர்களைக் குறிப்பிட்டு, அவர்களுடைய மதிப்பு திரும்ப வழங்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. அவர்களுக்காகப் பேசியது அவர்கள் நாட்டைச் சூறையாடியவர்களின் ஒப்பந்தம். பிப்ரவரியில் சீன அரசு வெளியிட்ட ஆணையும் ஐவருக்கும் பழைய பதவிகளைத் திருப்பித் தந்தது. ஆனால் அதில் எழுதியிருந்த காரணம் வேறு: திரும்பத் திரும்பக் கேட்டும் இவர்கள் இரண்டு பக்கமும் பொருள்படப் பேசினார்கள், அதனால்தான் தீயவர்கள் இவர்கள்மேல் பழி சுமத்த வழி ஏற்பட்டது. பேரரசரே இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்ட மனிதரையும், மந்திரத்தை நம்பாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னவரையும், கோழியும் நாயும் மிஞ்சாது என்றவரையும் பற்றி அந்த ஆணை இப்படி எழுதியது. அந்த ஆண்டு நெடுக அந்த அரண்மனையில் ஒரே பொருள்படப் பேசியவர்கள் இவர்கள்தான். தெற்கத்திய ஆளுநர்களுக்கு 1901 முடிவதற்குள் கௌரவப் பட்டங்கள் கிடைத்தன. ஷூ ஜிங்செங்குக்கும் யுவான் சாங்குக்கும் அரசு மரியாதையோடு மரணத்துக்குப் பிந்தைய பெயர் சூட்டியது 1909-இல், சிஷி இறந்த பிறகுதான்.